ஜூன் 18-க்கு ரெண்டு நிமிஷம்

பாப்பா ஸ்கூல்ல தினமும் காலையில பிரேயர் முடிஞ்சதும் ஒரு பிள்ளை முன்னாடி வந்து, இதே தேதியில முன்ன என்ன நடந்துச்சுன்னு ரெண்டு நிமிஷம் பேசணும். எட்டாங்கிளாஸ் முறை வந்தப்போ சீட்டு எடுத்ததுல இவளுக்கு ஜூன் 18 வந்துச்சு. சாயங்காலம் வந்து பையைக் கூட கழட்டாம "ம்மா, வாட்டர்லூன்னா லண்டன்ல ஒரு ஸ்டேஷன் தானே, அங்க என்ன சண்டை நடந்துச்சு"ன்னு கேட்டா. அங்க ஆரம்பிச்சது, ஒரு வாரமா வீட்ல சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் இதே பேச்சு தான், அதான் மறக்கறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

சண்டை நடந்தது பெல்ஜியத்துல, பிரஸ்ஸல்ஸுக்குத் தெக்கால. லண்டன் ஸ்டேஷனுக்கு அந்தப் பேரே சண்டையால வந்தது தான். நிஜத்துல வாட்டர்லூங்கிற ஊர்ல கூட நடக்கல, அங்கருந்து கொஞ்சம் தள்ளி மோன் சேன் ழான்னு ஒரு மேடு, அதை ஒட்டின வயக்காடு. நெப்போலியன எதிர்த்து நின்ன இங்கிலீஷ் தளபதி வெல்லிங்டன் தங்கி இருந்தது வாட்டர்லூல, ஜெயிச்ச சேதியும் அந்த ஊர் பேரப் போட்டு தான் லண்டனுக்குப் போச்சு, அதனால அதுவே நின்னுடுச்சு. கூட சேந்து ஜெயிச்ச பிரஷ்ய தளபதி ப்ளூஹர் (பிரஷ்யா அப்போ ஒரு ஜெர்மன் ராஜ்யம்), அங்க இருந்த ஒரு சத்திரத்தோட பேரு "லா பெல் அலியான்ஸ்", அதையே வைக்கலாம்னு ஆசைப்பட்டாராம், எடுபடல. பொணம் எடுக்கறதுக்கு முன்னயே பேரு என்ன வைக்கலாம்னு பேச்சு வந்திருக்கு பாரு, இதை ஞாபகம் வச்சுக்கோன்னு பாப்பாகிட்ட சொன்னேன், ஏன்னா நான் சுத்தி வந்து நிக்கப் போறதும் பேர் விஷயத்துல தான்.

1815 ஜூன் 18 ஒரு ஞாயித்துக்கிழமை. முந்தின ராத்திரி பூரா விடாத மழை. பிரெஞ்சு சக்கரவர்த்தி நெப்போலியன்கிட்ட சுமார் 73,000 பேரு, 246 பீரங்கி. வெல்லிங்டன்கிட்ட சுமார் 68,000 பேரு, 156 பீரங்கி, அந்த 68,000-லயும் இங்கிலீஷ்காரங்க மூணுல ஒரு பங்கு தான், மிச்சம் டச்சுக்காரங்க, பெல்ஜியக்காரங்க, ஜெர்மன் பேசற சின்னச் சின்ன ராஜ்யத்து ஆளுங்க. பீரங்கில நெப்போலியன் கை ஓங்கி இருந்துச்சு, ஆனா சேத்துல பீரங்கிய இழுத்து நகத்த முடியாது, குண்டும் தரையில பட்டு எகிறி எகிறிப் போய் ஆளை அடிக்காம அங்கயே பொதிஞ்சிடும். தரை கொஞ்சம் காயட்டும்னு காத்திருந்து பகல் 11.30 வாக்குல தான் ஆரம்பிச்சார். அவர் காத்திருந்த அந்த மணி நேரமெல்லாம் கெழக்க இருந்து பிரஷ்யக்காரங்க அதே சேத்துல நடந்து வந்துட்டு இருந்தாங்க. ரெண்டு நாள் முன்ன, ஜூன் 16-ல, லிக்னியில நெப்போலியன்கிட்ட நல்லா அடி வாங்கினவங்க அவங்க, ப்ளூஹருக்கு 72 வயசு, குதிரை சுட்டு விழுந்ததுல அதுக்கடியில மாட்டி நசுங்கினவரு, தோத்துட்டோம்னு ஊர் பாக்கப் போகாம, வர்றேன்னு சொன்ன வார்த்தைக்காக திரும்பி வந்தார். அவங்களத் தொரத்த சொல்லி நெப்போலியன் 33,000 பேர தன் தளபதி க்ரூஷி கூட அனுப்பி வச்சிருந்தாரே, அந்த 33,000 பேரும் வாவ்ருங்கிற ஊர்ல வேற சண்டையில மாட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்து சேரவே இல்ல.

எனக்கு இந்த சண்டையில மனசுல நிக்கிறது ராஜா மந்திரி கதை இல்ல, லா ஏ சேந்த்துங்கிற ஒரு பண்ணை வீடு. ரோட்டோரமா ஒரு தொழுவம், ஒரு முற்றம், சுத்தி சுவர், அவ்வளவு தான். அதுக்குள்ள இங்கிலீஷ் படையில சேந்திருந்த சுமார் 400 ஜெர்மன்காரங்க. மதியத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க. கடைசியில அவங்க விட்டது தைரியம் போய் இல்ல, தோட்டா தீந்து போய். தோட்டா வேணும் தோட்டா வேணும்னு திரும்பத் திரும்ப ஆள் அனுப்பியும் வரல, அவங்க துப்பாக்கி வேற ரகம், பக்கத்துல இருந்தவனோட தோட்டா அதுக்குப் பொருந்தாது. ஆளுக்கு மூணு, நாலு தோட்டா தான் மிச்சம்னு பையைத் தொட்டுப் பாத்துக்கிட்டே நின்னிருப்பாங்க இல்ல? வெளிய வந்து சேந்தவங்க நாப்பது பேரு சொச்சம்.

நாலு மணிக்கு மேல நெப்போலியனோட தளபதி மார்ஷல் நே தன்னோட குதிரைப்படைய மேட்டு மேல ஏத்தினார், ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. மேட்டுக்கு அந்தப் பக்கம் காலாட்படை சதுரம் சதுரமா நின்னுட்டு இருந்துச்சு, நாலு பக்கமும் வெளிய பாத்து துப்பாக்கி முனையில மாட்டின கத்திய, பயனெட்ட, நீட்டிக்கிட்டு. மனுஷன் எவ்வளவு ஒதச்சாலும் குதிரை முள்ளுச்சுவர் மாதிரி இருக்கிற எடத்துல போய் முட்டாது, சுத்திச் சுத்தி வரும், வர வர சுட்டுத் தள்ளினாங்க. அதுக்குள்ள பிரஷ்யக்காரங்க வலது பக்கமா வந்து ப்ளான்ஸ்னுவா கிராமத்துல நுழைஞ்சாச்சு. ராத்திரி 7.30 வாக்குல நெப்போலியன் தன்னோட சொந்த காவல் படைய, அதுவரைக்கும் தோக்காத ஆளுங்கன்னு பேரெடுத்தவங்கள அனுப்பினார், அவங்களும் பின்வாங்கினப்போ மொத்த படையும் சிதறிடுச்சு. அவ்வளவு தான், பிரான்ஸோட 1792-ல ஆரம்பிச்சு விட்டு விட்டு நடந்த யுத்தத்துக்கெல்லாம் அன்னைக்கோட முடிவு. ஒரு நாள்ல, ஒரு சில மைல் சுத்தளவுல, எல்லா பக்கமும் சேத்து செத்ததும் காயம் பட்டதும் 40,000 பேருக்கு மேல.

செத்தவங்க வாயில இருந்த பல்லைப் புடுங்கி இங்கிலாந்துல பல் செட் செஞ்சு வித்தாங்கன்னு சொன்னப்போ பாப்பா எழுதறத நிறுத்திட்டா. க்ளிப் போட்ட பல்லு மேல நாக்க வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. "இத ஸ்கூல்ல சொல்லலாமா"ன்னு கேட்டா. சொல்லு, உண்மை தானேன்னேன்.

அப்புறம் தான் "சரிம்மா, இதுல நமக்கு என்ன வந்துச்சு"ன்னா. நான் இதுக்குத் தான் காத்துட்டு இருந்தேன். நாளைக்குக் காலையில என் கூட பால் வாங்க வான்னேன்.

நாங்க இருக்கறது பெங்களூர்ல அல்சூர். ஏரிப் பக்கம் வந்து கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும் எழுதின போர்ட காட்டினேன், அஸ்ஸாயே ரோடு. பொறந்ததுல இருந்து இந்த வழியா தான் போயிட்டு வந்துட்டு இருக்கா, ஆட்டோக்காரருக்கு அட்ரஸ் சொல்லும்போது கூட சொல்லுவா, அது என்னன்னு கேட்டது இல்ல. நானும் என் அம்மாகிட்ட கேட்டது இல்ல. அஸ்ஸாயே மகாராஷ்டிரால ஜால்னா பக்கம் ஒரு சின்ன கிராமம். 1803 செப்டம்பர் 23-ல அங்க சிந்தியாவும் போன்ஸ்லேயும் சேந்து நின்ன மராட்டா படைய அடிச்சது ஆர்தர் வெல்லெஸ்லி, அவர் தான் பின்னால வெல்லிங்டன் பிரபு. வழிகாட்டிங்க கைத்னா ஆத்தை இங்க தாண்ட முடியாதுன்னு அடிச்சு சொல்லியிருக்காங்க, இவரு எதிரெதிர் கரையில ரெண்டு கிராமம் பக்கம் பக்கமா இருக்கறதப் பாத்து, இவ்வளவு கிட்டத்துல ஊர் வச்சவன் நடந்து போக வழி வைக்காமயா இருப்பான்னு எறங்கிட்டார், ஆழமும் இல்ல. அன்னைக்கு அவர் கூட ஆத்துல எறங்கினவங்கள்ல ஸ்காட்லாந்துக்காரங்க ரெண்டு ரெஜிமென்ட், பெரும்பாலும் மத்தவங்க எல்லாம் மெட்ராஸ் சிப்பாய்ங்க. நம்ம ஆளுங்க. அவர் படையில செத்தும் காயம் பட்டும் போனவங்க 1,500-க்கு மேல, அதுல பாதிக்கு மேல நம்ம பக்கத்து ஆளுங்க தான். வயசான காலத்துல, சண்டைன்னு எடுத்தா நீங்க செஞ்சதுலயே உசத்தி எதுன்னு யாரோ கேட்டதுக்கு அவர் வாட்டர்லூன்னு சொல்லலயாம், அஸ்ஸாயேன்னாராம்.

அதுக்கு முன்ன இன்னொன்னு இருக்கு, ஸ்ரீரங்கப்பட்டணம். 1799 மே 4-ல திப்பு சுல்தான் விழுந்த நாள் எல்லாருக்கும் தெரியும், அதுக்கு ஒரு மாசம் முன்ன ஏப்ரல் 5 ராத்திரி சுல்தான்பேட்டை தோப்புல வெல்லெஸ்லி கும்மிருட்டுல வழி தெரியாம தன் ஆளுங்களத் தொலைச்சுட்டு, அவங்க திப்பு ஆளுங்ககிட்ட மாட்டிக்கிட்டு, ரொம்ப அவமானமா திரும்பி வந்தார். பகல்ல போய் எடத்தைப் பாக்காம இனிமே ஒரு நாளும் எறங்க மாட்டேன்னு எழுதி வச்சார். வாட்டர்லூ மேட்டை அவர் 1814-லயே போய் பாத்து வச்சிருந்தார், சண்டை அன்னைக்கு மேட்டுக்குப் பின்சரிவுல ஆளுங்கள படுக்க வச்சு பீரங்கி கண்ணுல படாம காப்பாத்தினார்ல, அதுக்குப் பின்னால நம்ம காவேரிக் கரைத் தோப்பு ஒண்ணு இருக்குன்னு நான் நம்பறேன்.

இதோட முடியல. திப்பு படை விட்ட இரும்புக்குழாய் ராக்கெட்டப் பாத்து தான் இங்கிலாந்துல காங்க்ரீவ் ராக்கெட் செஞ்சாங்க, வாட்டர்லூல ஒரு ராக்கெட் படையும் இருந்துச்சு. 2018-ல ஷிமோகா ஜில்லா நகராவுல ஒரு பழைய கெணத்துல திப்பு காலத்து ராக்கெட் ஆயிரத்துக்கு மேல கெடச்சது ஞாபகம் இருக்கா, அதோட வம்சம் தான். 1799 ஜனவரில நெப்போலியன் எகிப்துல இருந்து திப்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார், உங்களை இங்கிலீஷ்காரன் பிடியில இருந்து விடுவிக்கணும்னு பெரிய படையோட செங்கடல் ஓரம் வந்திருக்கேன்னு. அது திப்பு கைக்கு வரல, வழியில இங்கிலீஷ்காரங்ககிட்ட மாட்டிக்கிச்சு. வெல்லெஸ்லி 1805-ல இங்க இருந்து கப்பல்ல ஊருக்குப் போறப்போ செயின்ட் ஹெலினா தீவுல எறங்கி "பிரையர்ஸ்"ங்கிற வீட்ல தங்கினார், பத்து வருஷம் கழிச்சு கைதியா அந்தத் தீவுக்கு வந்த நெப்போலியன் ஆரம்பத்துல சில வாரம் தங்கினதும் அதே வீட்ல தான். ரெண்டு பேரும் பொறந்ததும் ஒரே வருஷம், 1769. நெப்போலியன் பொறந்த தேதி ஆகஸ்ட் 15, பாப்பாவுக்கு இது தான் ரொம்பப் பிடிச்சுப் போச்சு, கொடியேத்தற அன்னைக்கு இனிமே அவ ஞாபகத்துக்கு வரும்.

தேதிங்க இப்படித் தான், ஒண்ணு மேல ஒண்ணு வந்து ஒக்காந்துக்கும். அஸ்ஸாயே செப்டம்பர் 23-ன்னேன்ல, 1918-ல அதே செப்டம்பர் 23-ல தான் மைசூர் லான்சர்ஸும் ஜோத்பூர் லான்சர்ஸும் ஈட்டியோட குதிரையில போய் இப்போ இஸ்ரேல்ல இருக்கற ஹைஃபாவப் பிடிச்சாங்க, அதோட நினைவுத்தூண் நம்ம ஜே.சி. நகர்ல இருக்கு. அந்த ஞாயித்துக்கிழமை அங்க போயிட்டு அப்படியே மார்க்கெட் பக்கம் கோட்டைக்கும் போனோம், 1791 மார்ச் 21-ல இங்கிலீஷ் தளபதி கார்ன்வாலிஸ் படை சுவரை ஒடச்சு உள்ள பூந்த எடம்னு கல்வெட்டு வச்சிருக்காங்க. அமெரிக்காவுல யார்க்டவுன்ல 1781-ல சரணடைஞ்ச அதே கார்ன்வாலிஸ். வீட்டுக்கு வர்ற வழியில ஏரிக்கரை திருவள்ளுவர். 1991-ல இருந்து துணி சுத்தி வச்சிருந்து 2009 ஆகஸ்ட் 9-ல தான் தெறந்தாங்க, அன்னைக்கு நான் கூட்டத்துல நின்னு அழுதேன், அந்தத் தேதி எந்த ஸ்கூல் லிஸ்ட்லயும் இருக்காது, எனக்கு இருக்கு.

இப்போ நான் சொல்ல வந்தது. வாட்டர்லூ முடிஞ்சதும் அடுத்த வருஷமே, சண்டையில இருந்த எல்லாருக்கும், ஜெனரல்ல இருந்து சாதா சிப்பாய் வரைக்கும், ஒரே மாதிரி வெள்ளி மெடல் குடுத்தாங்க. அதோட ஓரத்துல, விளிம்புல, வாங்கினவனோட பேரும் ரெஜிமென்டும் பொறிச்சிருப்பாங்க. இன்னைக்கும் அங்க யாரோட பேரனாவது அந்த மெடல விரல்ல உருட்டி தாத்தாவோட தாத்தா பேரைப் படிக்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் மெடல் குடுத்தாங்க, தங்கம், வெள்ளி, வெங்கலம், கடைசில சிப்பாய்க்கு வெள்ளீயம். அதுல ஒரு சிங்கம் ஒரு புலியக் கீழ போட்டு அழுத்தற மாதிரி படம். பேரு கெடையாது. அஸ்ஸாயேக்கு? 1851-ல தான், 48 வருஷம் கழிச்சு, உயிரோட இருக்கறவங்க வந்து கேட்டா தர்றோம்னாங்க. இருபது வயசுல அந்த ஆத்துல எறங்கினவனுக்கு அப்போ 68 வயசு, வட ஆற்காட்டுல ஏதோ ஒரு கிராமத்துல அவன் உயிரோட இருந்தாலும் அவனுக்கு யாரு போய் சொல்லியிருப்பா? யானைக்கு எடம் கெடச்சுது, மெட்ராஸ் ரெஜிமென்ட் பேட்ஜுல இன்னைக்கும் அஸ்ஸாயே யானை இருக்கு. பிரபுவுக்கு ஒரு ஊரே கெடச்சுது, குன்னூர் பக்கம் அந்த ரெஜிமென்ட் சென்டர் இருக்கற ஊர் பேரே வெல்லிங்டன், ஊட்டி ரயில் நின்னு போற ஸ்டேஷன். எங்களுக்கு ஒரு ரோடு கெடச்சுது, அதுலயும் ஊர் பேரு தான் இருக்கு.

எங்க தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்துல இருக்கற இன்ஜினியர் படை, எம்.இ.ஜி-ன்னா அல்சூர்ல எல்லாருக்கும் தெரியும், அங்க ஜவான்கள "தம்பி"ன்னு தான் சொல்லுவாங்க, எழுவது வயசுலயும் தாத்தா அந்தப் பேருக்குத் திரும்பிப் பாப்பார். ரெண்டாம் உலக யுத்தத்துல பர்மாவுல பாலம் கட்டினவர். அவரோட இரும்புப் பெட்டியை அன்னைக்கு ராத்திரி பரண்ல இருந்து எறக்கினோம். மேல பச்சை பெயின்ட், மூடில வெள்ளையில அவர் நம்பர். உள்ள டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், நாலா மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிஞ்சு, பின்னால பழைய கேலண்டர் தாளை ஒட்டி வச்சிருக்கார். அதுல அவர் பேரு, அவங்க அப்பா பேரு, கிராமம், தாலுகா குடியாத்தம், ஜில்லா வட ஆற்காடு, அடையாளம் இடது முழங்கால்ல தழும்பு. பாப்பா அந்தத் தழும்புகிட்ட விரலை வச்சுட்டு "இது எப்படி வந்துச்சு"ன்னு கேட்டா. எனக்குத் தெரியும், சின்ன வயசுல ஏத்தக் கெணத்துல விழுந்தது, அவரே சொல்லியிருக்கார். "அவங்க அப்பாவோட அப்பா யாரு?" தெரியாது. வேலூர்ல இருக்கற அத்தைக்கு போன் போட்டுக் கேட்டேன், "எல்லாம் தண்டுல இருந்தவங்க தான்டி, பேரெல்லாம் யாரு சொல்லி வச்சா"ன்னாங்க. தண்டுன்னா பட்டாளம், இங்க சிவாஜிநகர்ல தண்டு மாரியம்மன் கோயில் இருக்கே, அந்தத் தண்டு. 1809 வாக்குல கம்பெனி பட்டாளத்த ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்குப் பயந்து பெங்களூருக்கு மாத்தினப்போ, கூடவே வந்தவங்க தானே இந்தக் கன்டோன்மென்ட் தமிழங்க பாதி பேரு. பழைய ரெக்கார்ட் இருக்கான்னு ஒரு ஆபீசுக்கு ரெண்டு தடவை எழுதிப் போட்டேன், பதில் வரல.

எங்க ஆளு அஸ்ஸாயேல இருந்திருக்கலாம். இல்ல, 1806 ஜூலை 10-ல வேலூர் கோட்டைக்குள்ள இருந்திருக்கலாம். நெத்தியில விபூதி நாமம் வைக்கக் கூடாது, தாடி எடுக்கணும், புது மாதிரி தலைப்பாகை வைக்கணும்னு உத்தரவு போட்டதுக்கு, விடியறதுக்கு முன்ன மெட்ராஸ் சிப்பாய்ங்க எழுந்து கோட்டையப் பிடிச்சு திப்புவோட கொடிய ஏத்தினாங்க. ஆற்காட்டுல இருந்து இங்கிலீஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்து சில மணி நேரத்துல எல்லாத்தையும் முடிச்சார், நூத்துக்கணக்குல வெட்டியும் சுட்டும் கொன்னாங்க. அவர் கூட்டிட்டு வந்தது 19-வது ட்ராகூன்ஸ்ங்கிற வெள்ளைக்காரக் குதிரைப்படை. மூணு வருஷம் முன்ன அஸ்ஸாயேல மெட்ராஸ் சிப்பாய்ங்க கூட ஒரே பக்கம் நின்னு சண்டை போட்ட அதே 19-வது ட்ராகூன்ஸ். இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்த சிப்பாய்ங்கள்ல யாராவது, கேட்டுக்குள்ள வர்ற குதிரைமேல தெரிஞ்ச முகத்தப் பாத்திருப்பானா?

ஜூன் 18 அன்னைக்கு பாப்பா பேசினா. அவ கிளாஸ் மிஸ் போன்ல எடுத்து அனுப்பினாங்க. வாட்டர்லூவ ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சுட்டு, 1940-ல இதே தேதியில பிரான்ஸ் தலைவர் டி கால் லண்டன் ரேடியோவுல பேசினதையும் 1946-ல லோகியா கோவாவுல மட்காவ்ல கூட்டம் போட்டதையும் ஒவ்வொரு வரி சொல்லிட்டு, "உங்கள்ல எத்தனை பேரு அஸ்ஸாயே ரோடு வழியா வர்றீங்க"ன்னு கேட்டா. நெறைய கை தூக்கினாங்க, வேன் ஓட்டற அண்ணா கூட பின்னால நின்னு தூக்கினார். மெடல் விளிம்புல பேரு இருந்ததையும் இல்லாததையும் சொன்னா. பெல் அடிச்சும் முடிக்கல.

ஜூலை 10 ஒம்போதாங்கிளாஸ் அக்கா ஒருத்திக்கு வந்திருக்காம். அவ டெஸ்லா பொறந்த நாள்னு ஏற்கனவே எழுதி வச்சிருந்தாளாம். பாப்பா வேலூர் பத்தி ஒரு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போய் குடுத்திருக்கா, அந்தப் பொண்ணு படிச்சுட்டு, ரெண்டையும் சொல்றேன்னு வாங்கி வச்சுக்கிட்டாளாம். வேலூர்ல ஹஸ்ரத் மக்கான் கிட்ட இருக்கற அந்த சிப்பாய்ங்க நினைவுத்தூண போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அத்தைகிட்ட கேட்டிருக்கோம், வெயில் தாழ போய் எடுக்கறேன்னாங்க.